ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: சென்னையில் தயாரான பிரிட்டிஷ் கார்

1985 ஆகஸ்டு 3ஆம் நாள், அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் முகமட் சிவப்பு நிறப் புரோட்டோன் சாகா காரை ஓட்டிக்கொண்டு பினாங்குப் பாலத்தைக் கடந்து ஜோர்ஜ்டவுன் வந்தார். அதே ஆண்டு சென்னையிலும் ஒரு புதிய கார் வெளிவந்தது. அதன் பெயர் ஸ்டாண்டர்ட் 2000. சாகாவின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. சென்னைத் தொழிற்சாலையோ 1988இல் உற்பத்தியை நிறுத்தியது. அந்தத் தொழிற்சாலைக்குப் பெயர் தேடித் தந்த கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். 1960களில் ரஜூலா கப்பலில் பினாங்கிலிருந்து சென்னை சென்ற நம்மவர்கள் அங்கே அம்பாசிடர், பியட் கார்களுக்கு இடையே இதையும் பார்த்திருப்பார்கள்.

பிறந்த கதை

இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் இயங்கிய ஸ்டாண்டர்ட் டிரையம்ப் நிறுவனம் 1959இல் டிரையம்ப் ஹெரால்டை வெளியிட்டது. இதை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. இயந்திரம் 948 சிசி. 1962இல் இதே அமைப்பில் ஆறு சிலிண்டர் இயந்திரத்தைப் பொருத்தி, விட்டெஸ் என்ற ஸ்போர்ட்ஸ் சலூன் காரையும் அந்நிறுவனம் தயாரித்தது.

அக்காலத்தில் பல கார்களில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகிவிட்டன. ஹெரால்டில் அவை தனித்தனி. நிறுவனத்துக்கு உடல் பாகங்களைச் செய்து கொடுத்துவந்த ஆலையைப் போட்டி நிறுவனமான பிஎம்சி வாங்கிவிட்டதே அதற்குக் காரணம். அதனால் பகுதி பகுதியாகச் செய்து, அடிச்சட்டத்தின் மேல் போல்ட் போட்டு முடுக்கும் முறையைக் கையாண்டார்கள். முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து பானட் முழுவதும் முன்னோக்கித் திறக்கும். மெக்கானிக் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். ஏறத்தாழ 25 அடி விட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம்.

சென்னையில்

பாகங்களை அனுப்பி வேறு நாட்டில் பொருத்துவதற்கு இந்த அமைப்பு வசதியாக இருந்தது. வண்டலூர், பெருங்களத்தூர் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961இல் இதன் உற்பத்தியைத் தொடங்கியது. ஆண்டுகள் செல்லச் செல்ல உள்நாட்டுப் பாகங்கள் கூடின. இங்கிலாந்தில் இரண்டு கதவுகளோடு இருந்த சலூனுக்குச் சென்னையில் நான்கு கதவுகள் கிடைத்தன.

குறையும் உண்டு. பின் சக்கரங்கள் ஊசலாடும் அச்சில் அமைந்தவை. வளைவில் வேகமாகத் திரும்பினால் சக்கரம் உள்ளே மடங்கி, வண்டி நிலை தடுமாறும். 1970களின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்ட் கசல் காரில் இந்த முறை கைவிடப்பட்டு, ஒரே துண்டான பின் அச்சு பொருத்தப்பட்டது. இயந்திரம் மட்டும் அதே 948 சிசிதான்.

ஏன் நின்றது?

எத்தனை கார் செய்யலாம், எந்த மாடல் செய்யலாம் என்பதற்கெல்லாம் அன்று அரசாங்க உரிமம் வேண்டும். அதனால் பழைய வடிவங்களே நீடித்தன. 1983 டிசம்பரில் ஜப்பானியத் தொழில்நுட்பத்துடன் மாருதி 800 வந்தபோது சந்தையே மாறியது. ஸ்டாண்டர்ட் 2000 வெளித்தோற்றத்தில் நவீன ரோவர் கார். உள்ளே இருந்ததோ பல்லாண்டுப் பழைமையான வேன்கார்ட் இயந்திரம். சாகாவும் இரவல் வடிவம்தான். ஆனால் மிட்சுபிஷியிடமிருந்து அன்றைய இயந்திரத்தையும் சேர்த்தே பெற்றது.

இன்று பழைய ஹெரால்டை வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அடிச்சட்டத்தைத்தான். பளபளக்கும் பெயிண்டுக்குக் கீழே அது துருப்பிடித்திருக்கலாம். பினாங்கு போன்ற கடற்கரை ஊர்களில் இது இன்னும் முக்கியம்.