கெட்டிக்காரப் பையனுக்கு மட்டுமா?

டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டின் வரலாற்றை 1896 நவம்பரிலிருந்து தொடங்குவது வழக்கம். இங்கிலாந்தின் சீஃபோர்டு என்ற கடற்கரை ஊரில் மருத்துவம் பார்த்த பிரிங்கிள் மார்கன், பெர்ஸி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அப்போதுதான் எழுதினார். 749-ஐ 867-ஆல் மளமளவென்று பெருக்கிச் சரியான விடை சொன்னவன் அந்தப் பையன். தன் பெயரை எழுதச் சொன்னால் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டான். ஒரு முறைக்கு மேல் சுட்டிக்காட்டிய பிறகே பிழை அவன் கண்ணில் பட்டது. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் இவன்தான் முதல் மாணவன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிந்திருக்கிறார். மருத்துவர் இந்தக் குறைக்குப் பிறவிச் சொற்குருடு என்று பெயரிட்டார். ஆனால் அந்தப் பெயரோடு ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டது: பிள்ளை மற்றதில் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும். அதே இங்கிலாந்தில் 1862 முதல் ஏழைப் பிள்ளைகளின் தொடக்கப் பள்ளிகளுக்கு, ஆய்வாளர் வைக்கும் வாசிப்பு, எழுத்து, கணக்குத் தேர்வுகளின் முடிவைப் பார்த்தே மானியத்தின் பெரும்பகுதி கிடைத்தது. அங்கே வாசிக்கத் திணறிய பிள்ளை பள்ளிக்கு வருமான இழப்பு. அவன் ஏன் திணறுகிறான் என்று கேட்க அந்த ஏற்பாட்டில் யாருக்கும் காரணமே இல்லை.

நிபந்தனையை நீக்கினால் வாசிக்கத் தெரியாத எல்லோருமே இந்தப் பெயருக்குள் வந்துவிடுவார்கள், இருக்கும் சொற்ப உதவியும் பங்குபோய்விடும் என்பார்கள். தொடக்கத்தில் அதில் நியாயம் இருந்தது. அறிவு வளர்ச்சிக் குறையோடு இதைக் குழப்பக் கூடாது என்றே கிளாஸ்கோ கண் மருத்துவர் ஹின்ஷெல்வுட்டும் வலியுறுத்தினார். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. நுண்ணறிவுத் தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கினாலும் குறைவாக வாங்கினாலும், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள்: சொல்லை ஒலிகளாகப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில். இருவருக்கும் தேவைப்படும் பயிற்சியும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியிருக்க மதிப்பெண்ணை வைத்து வரிசை கட்டுவது சிக்கனம் ஆகாது, பாரபட்சம்தான். டிஸ்லெக்சியா என்பது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் சாக்கு என்ற ஏச்சும் அந்த வரிசையிலிருந்தே பிறந்தது. தேர்வுக்கும் தனிப் பயிற்சிக்கும் பணம் கட்ட முடிந்தவர்களுக்கே பெயர் எளிதில் கிடைத்தது. டிஸ்லெக்சியா எல்லா அறிவுநிலையிலும் காணப்படுகிறது என்று 2009-இல் கல்வியாளர் ஜிம் ரோஸ் பிரிட்டிஷ் அரசுக்கே அறிக்கை எழுதிக் கொடுத்தார். அதையொட்டி 4,000 ஆசிரியர்களுக்குச் சிறப்புப் பயிற்சி தர அரசு பணம் ஒதுக்கியது.