ஓட்டுநர் அறைக் கதவு



நம் சேதராப்பட்டில் தண்டவாளம் கிடையாது. ரயில் ஏற வில்லியனூருக்கோ புதுச்சேரிக்கோதான் போக வேண்டும். ஆனால் உங்களில் எத்தனையோ பேர் இன்று சென்னையில் தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்த காலத்தில் ஓட்டுநர் இடத்துக்குப் பூட்டு என்பது பெரிய விஷயமில்லை. நீராவி இன்ஜினைக் குளிர்ந்த நிலையிலிருந்து கிளப்பப் பல மணி நேரம் பிடிக்கும். கரி அள்ளிப் போட ஒருவர், ஓட்ட ஒருவர் என்று ஆள் இருந்துகொண்டே இருப்பார்கள். வேறொருவன் ஏறிக் கொண்டுபோவது லேசான காரியமா?

மின்சார ரயில் இதை மாற்றிவிட்டது. 1897இல் அமெரிக்காவில் ஃபிராங்க் ஸ்பிரேக் என்ற பொறியாளர், பல மோட்டார் பெட்டிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் முறையைச் செய்துகாட்டினார். இன்ஜினைக் கழற்றி மாட்டும் வேலை போயிற்று. வண்டியின் இரு முனையிலும் ஓட்டுநர் அறை. கடைசி நிலையத்தில் மோட்டார்மேன் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போனால் போதும், வண்டி திரும்பத் தயார். சென்னையில் இத்தகைய ரயில் 1931இல் கடற்கரை – தாம்பரம் பாதையில் ஓடத் தொடங்கியது. நல்ல வசதிதான். ஆனால் ஆளில்லாத அறையைக் காக்க ஒரு கதவும் சாவியும் மட்டுமே மிஞ்சின.

அதன் விலை 2009 ஏப்ரல் 29 அதிகாலையில் தெரிந்தது. சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாக நிலையத்தில் நின்றிருந்த புறநகர் ரயில், நேரத்துக்கு முன்பே, தனக்குரிய மோட்டார்மேன் இல்லாமலேயே புறப்பட்டது. அடையாளம் தெரியாத ஒருவன் ஓட்டினான். வியாசர்பாடி ஜீவா நிலையம் அருகே சரக்கு ரயிலில் மோதியது. நான்கு பயணிகள் இறந்தார்கள், பதினொரு பேருக்குக் காயம். பாவம், அவர்கள் வழக்கமான வண்டி என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்கள். மக்களவைத் தேர்தல் நெருங்கிய நேரம் வேறு. வதந்திக்குக் கேட்கவா வேண்டும்!

"டெட்மேன் கைப்பிடி இருக்கிறதே ஐயா?" என்று இன்ஜினியரிங் படித்தவர்கள் கேட்பீர்கள். இருக்கிறது. பிடித்த கையை எடுத்தால் பிரேக் விழும். ஓட்டுநர் மயங்கி விழுந்தால் அது வண்டியைக் காக்கும். ஆனால் கை அழுத்துகிறதா என்றுதான் அதற்குத் தெரியும், யாருடைய கை என்று தெரியாது. அதைப் பார்க்க வேண்டியது கதவுதான்.

அதற்காக உள்ளிருந்து யாராலும் திறக்க முடியாதபடி இரும்புக் கோட்டையாக்கிவிடலாம் என்றும் சொல்ல மாட்டேன். விபத்திலோ தீயிலோ ஓட்டுநரை வெளியே எடுக்க வேண்டாமா? 2001க்குப் பிறகு விமானி அறைக் கதவுகளைப் பலப்படுத்தினார்கள். 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தில் துணை விமானியே உள்ளே பூட்டிக்கொண்டு மலையில் மோதினான். 150 உயிர்கள் போயின. என் கணிப்பில், கதவின் கனத்தைவிடச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கணக்குத்தான் முக்கியம்.

முதல் பெட்டியில் ஏறும் பிள்ளைகளே, நிற்கும் வண்டியில் ஓட்டுநர் அறை திறந்து கிடந்து உள்ளே ஆளில்லை என்றால், நிலைய ஊழியரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 139க்கு அழையுங்கள். செல்ஃபி எடுக்க உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள்.