'லைன்' என்ற ஒரு சொல்

"லைன்ல நில்லு" என்கிறார் ஆசிரியர். "நாலாவது லைனைப் படி" என்கிறாள் தோழி. "லைன் கெடைக்கலே" என்று கைப்பேசியை உதறுகிறார் அண்ணன். சொல் ஒன்றே, பொருளோ வரிசை, வரி, தொடர்பு எனப் பலவாகும். இலத்தீன் மொழியில் ஆளிச் செடியின் நாரில் திரித்த நூலைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்ததே இந்த ஆங்கிலச் சொல்.

நம் முன்னோருக்கோ அது வீடாகவும் இருந்தது. இந்தியாவில் வெள்ளையர் தம் சிப்பாய்களை வரிசை வரிசையான குடியிருப்புகளில் தங்க வைத்து, அவற்றை 'லைன்ஸ்' என்றனர். சிங்கப்பூரிலும் 'சிப்பாய் லைன்ஸ்' என்றோர் இடம் இருந்தது. அதே பெயர் மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்கும் வந்தது. ஒரே கூரையின்கீழ் நீண்டு கிடந்த வீடுகளை நம்மவர் 'லயன்' என்றும் 'லயம்' என்றும் தமிழாக்கிக் கொண்டனர். மரங்களின் வரிசைக்கு 'நிரை' என்ற தமிழ்ச்சொல் நிலைத்தது. மனிதர் வாழ்ந்த வரிசைக்கோ துரைமாரின் சொல்லே நிலைத்தது. இது சிந்திக்கத்தக்கது.

இன்னொரு லைன் இரயில் பாதை. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான பாதை 1909-இல் திறக்கப்பட்டது. 1923-இல் கடற்பாலத்தின் மீதும் இரயில் ஓடிற்று. ஆனால் ஜப்பானியர் காலத்தில் இச்சொல்லின் இரு பொருள்களும் கொடுமையாகச் சந்தித்தன. லயன்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்-பர்மா இரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டனர். சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் ஏராளமானோர் காய்ச்சலுக்கும் பேதிக்கும் பசிக்கும் பலியாகி, லயத்துக்குத் திரும்பவே இல்லை.

நாடு விடுதலை பெற்றபின், தோட்ட வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை 1966-ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் வகுத்தன. ஆனால் தோட்டங்களே மறையத் தொடங்கின. நம் நகரையொட்டிய மவுண்ட் ஆஸ்டின் தோட்டம் இன்று தாமான்களும் கடைவீதிகளுமாகக் காட்சி தருகிறது. அங்கே 'லயன் எங்கே?' என்று கேட்டால் காட்டுவார் யார்?

மாணவச் செல்வங்களே! அகராதியில் 'லைன்' என்பதற்கு எத்தனையோ பொருள் காணலாம். நம் மக்கள் வாழ்ந்து தந்த பொருளோ பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. இன்று வீட்டுக்குப் போனதும், "பாட்டி, நீங்க எந்தத் தோட்டம், எந்த லயன்?" என்று கேளுங்கள். சொல்வதை ஏட்டில் எழுதி வையுங்கள். ஒரு லைன் எழுதினாலும் அது நம் வரலாறே!