பெயரிழந்த வைட்டமினும் எலும்பும்

அண்மையில் என் மாணவி ஒருத்தி நாளிதழ் விளம்பரம் ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். வெங்காயம், திராட்சை ஆகியவற்றின் சாரம் அடங்கிய மாத்திரை எலும்பை வளர்க்கும் செல்களைக் காக்கும் என்று அதில் அச்சிட்டிருந்தது. அவளுடைய பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. "சார், இதை வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்டாள். இதற்கு விடை கூற, நாம் 1930-களிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயர் வந்ததும் போனதும்

ஹங்கேரி நாட்டின் செகெட் நகரில் ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி என்ற அறிஞர், அங்கு விளையும் சிவப்பு மிளகாயிலிருந்து வைட்டமின் சி-யைப் பெருமளவில் பிரித்தெடுத்தார். 1937-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே ஒரு புதிர் அவர் கண்ணில் பட்டது. மெல்லிய இரத்தத் தந்துகிகளில் கசிவு உடைய சில நோயாளிகளுக்குத் தூய வைட்டமின் சி பயன்படவில்லை. தூய்மை குறைந்த மிளகாய், எலுமிச்சைச் சாரமோ பயன்பட்டது! சாரத்தில் வேறொரு பொருள் இருக்க வேண்டும் என்று கருதி, 1936-இல் அவரும் ருஸ்னியாக் என்ற மருத்துவரும் அதற்கு ஆங்கிலத்தின் பதினாறாவது எழுத்தால் 'வைட்டமின் பி' என்று பெயரிட்டனர். (நாம் அறிந்த பி-தொகுதி வைட்டமின்கள் இரண்டாவது எழுத்தால் பெயர் பெற்றவை, அவை வேறு.) அப்பொருள்களே ஃபிளேவனாய்டுகள். வெங்காயத் தோலுக்கு மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் தரும் குவெர்செட்டினும் இந்த இனமே.

ஆனால் இப்பொருள் உணவில் குறைந்தால் இன்ன நோய் வரும் என்று எவராலும் மெய்ப்பிக்க இயலவில்லை. வைட்டமின் என்பதற்கு அதுவே இலக்கணம் அல்லவா? 1950-இல் அமெரிக்க அறிஞர் குழு ஒன்று அப்பெயரைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது.

எக்ஸ் கதிர் காட்டிய வழி

1954-ஆம் ஆண்டு அர்ஜென்டினாவில் பிறந்த ரெபெக்கா கெர்ஷ்மன், அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தம் குழுவினருடன் ஒரு கருத்தை வெளியிட்டார். எக்ஸ் கதிரும் மிகையான ஆக்சிஜனும் உடலுக்குத் தீங்கு செய்யும் வழி ஒன்றே என்பது அக்கருத்து. எலெக்ட்ரான்கள் பொதுவாக இணை இணையாக இருப்பவை. இணையிழந்த எலெக்ட்ரானை உடைய துகளைத் தனி உறுப்பு என்கிறோம். அது அண்டை மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கும். பறிகொடுத்தது இன்னொன்றிடம் பறிக்கும். இத்தொடர்வினை செல்லைச் சிதைக்கிறது. 1969-இல் மெக்கார்டு, ஃபிரிடோவிச் இருவரும் இவற்றுள் ஒருவகையை அழிக்கும் நொதியை உயிரினத்தின் உடலிலேயே கண்டனர். காவலன் இருக்கிறான் என்றால் கள்வனும் உள்ளேயே இருக்கிறான் என்றுதானே பொருள்! ஃபிளேவனாய்டுகள் தம் ஹைட்ரஜன் அணுவைத் தந்து தனி உறுப்பை அடக்கவல்லவை. ஆகவே மறக்கப்பட்டவை மீண்டும் ஆய்வுக்கூடம் புகுந்தன.

எலும்பின் உள்ளே

எலும்பு உயிருள்ள பொருள். ஒருவகைச் செல்கள் பழைய எலும்பை அரிக்க, எலும்பாக்கச் செல்கள் புதியதைக் கட்டுகின்றன. முதுமையில் ஆக்சிஜனேற்றத் தாக்குதல் மிகும்போது கட்டுமானம் தளர்கிறது. 2007-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு ஒரு காரணத்தை விளக்கினர். எலும்பாக்கத்துக்குத் துணை செய்யும் பீட்டா-கேட்டினின் என்ற புரதம், தாக்குதலின்போது தற்காப்புப் பணிக்குத் திருப்பப்படுகிறது. ஊரில் தீப்பிடித்தால் கொத்தனார் கரண்டியைப் போட்டுவிட்டு நீர் சுமக்க ஓடுவது போன்றதே இது.

கண்ணாடித் தட்டில் வளரும் எலும்பாக்கச் செல்கள்மீது ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் பல மடிகின்றன. முன்கூட்டியே குவெர்செட்டின் போன்றவற்றை அளவாகச் சேர்த்தால் மடிபவை குறைகின்றன. விளம்பரம் சொல்வது இதைத்தான், அது பொய்யன்று.

தட்டு வேறு, உடல் வேறு

ஆனால் நாம் உண்ணும் ஃபிளேவனாய்டில் சிறு பகுதியே குருதியில் கலக்கிறது. அதையும் குடலும் கல்லீரலும் உருமாற்றிவிடுகின்றன. மேலும், குவெர்செட்டின் செல் வளர்ப்பு ஊடகத்தில் தானே ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கக்கூடும் என்று 2000-ஆம் ஆண்டில் ஹாலிவெல் குழுவினர் காட்டினர். 1994-இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வு இன்னும் பெரிய எச்சரிக்கை. அதில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர் பங்கு கொண்டனர். காக்கும் என்று நம்பித் தந்த பீட்டா-கரோட்டின் மாத்திரையை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்திருந்தது!

மாணவியிடம் நான் சொன்னது இதுதான்: "வெங்காயமும் கீரையும் பழமும் பாட்டி தாராளமாக உண்ணட்டும். மாத்திரை எலும்பு முறிவைத் தடுக்கும் என்பது மனிதரிடம் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு, எலும்பின் அடர்த்தியை அளந்து பார்க்க வேண்டுமா, கால்சியமும் வைட்டமின் டி-யும் போதுமா என்று மருத்துவரைக் கேள்."

விளம்பரத்தைப் படிக்கும்போது நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: காக்கப்பட்டது தட்டிலிருந்த செல்லா, நடமாடும் மனிதரா?