வாய் மூடிய அண்டை வீடு

நாம் வாழும் பங்சார் முன்னாளில் ரப்பர்த் தோட்டமாயிருந்தது. லயத்தில் ஒரு பிள்ளை வதைபட்டால், "வீட்டுச் சமாசாரம்" என்று அடுத்த வீட்டார் கதவடைத்துக்கொள்வதே வழக்கம்.

அக்கதவை முதலில் தட்டியவர்கள் வைத்தியர்களே. 1985இல் கோலாலம்பூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில், வதைபட்ட பிள்ளைகளைக் கண்டறிய ஒரு குழு அமைந்தது. 1991இல் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 2001ஆம் வருஷத்துச் சட்டம் அதனிடத்தைப் பெற்றது. இதன்படி சமூகநல அதிகாரி, வைத்தியர், போலீஸ் அதிகாரி மூவரும் ஒரே குழுவில் அமர்வர். காயத்தை அறிபவர் ஒருவர். குற்றத்தைத் துருவுபவர் ஒருவர். அடைக்கலம் தேடுபவர் ஒருவர். மூவரும் தனித்தனியே நின்றால் இடையில் மடிவது பிள்ளையன்றோ?

சந்தேகம் எழுந்தால் வைத்தியரும் குடும்பத்தாரும் அறிவித்தே தீரவேண்டுமென்கிறது சட்டம். அண்டை வீட்டாரையோ அவர் மனச்சாட்சிக்கே விட்டுவிட்டது. தோழர்களே, அழுகுரல் முதலில் கேட்பது நம் காதுக்கன்றோ? இனியும் கதவடைப்போமாயின் எந்தச் சட்டம் என் செய்யும்?