எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு: பழைய தமிழ்க் கோப்புகளின் பெயர்ப்பும் பாடத்திரிபும்

முன்னுரை

பழைய கணினியிலுள்ள கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றுதல் வெறும் படியெடுப்பாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. 1990களில் தட்டச்சு செய்யப்பெற்ற தமிழ்க் கோப்புகளுக்கு இக்கருத்து பொருந்துவதில்லை. அவை புதிய கணினியில் படிக்கத்தக்கனவாக வேண்டுமெனில், அவற்றின் குறியீடுகள் முழுவதும் வேறு குறியீடுகளாக மாற்றப்பட வேண்டும். அம்மாற்றத்தின்போது சொற்கள் திரிகின்றன. இத்திரிபுகள் ஏட்டுச்சுவடிகளின் பாடச்சிக்கல்களோடு ஒப்பிடத்தக்கவை. இவற்றின் தோற்றத்தையும் மீட்கும் வாய்ப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குறியேற்றங்களின் வரலாறு

தொடக்கக் காலக் கணினித் தமிழ், எழுத்துருவைச் சார்ந்தே இயங்கியது. உரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டன. ஈழத்தமிழரிடையேயும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பரவிய பாமினி இவ்வகையினது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலே தோன்றும். வெவ்வேறு மென்பொருள்கள் வெவ்வேறு இட அமைப்பைக் கையாண்டதால் சிக்கல் பெருகியது.

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி அதில் இடம்பெற்றது. எனினும் அன்றைய கணினிகளில் அதனைத் திரையில் காட்டும் வசதி பரவலாக இல்லை. ஆகவே இடைக்கால முறைகள் தோன்றின. இணையவழிக் கலந்துரையாடல்களின் பயனாகத் திஸ்கி உருவாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து, ஒருமொழிக்குரிய டேம், இருமொழிக்குரிய டேப் ஆகியவற்றைத் தமிழக அரசு ஏற்றது. விண்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழைத் தன்னகத்தே கொண்டு வந்தது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, ஒருங்குறியும் டேஸ்-16 முறையும் அரசாணை வழி ஏற்கப்பட்டன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறியிலும் தந்தது இப்பெயர்ச்சிக்குத் தக்க சான்று.

திரிபுகளின் தோற்றம்

பழைய முறைகள் கண்ணுக்குத் தோன்றும் வடிவ வரிசையில் எழுத்துகளைச் சேமித்தன. ஒருங்குறியோ ஒலி வரிசையில் சேமிக்கிறது. 'கொ' என்பது பழைய கோப்பில் ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என மூன்றாக அமையும். ஒருங்குறியில் ககரமும் அதனையடுத்து ஒகரக் குறியும் வரும். மாற்றுநிரல் இவ்வரிசையைத் திருப்பியமைக்கும்போது மூவகைத் திரிபுகள் நேர்கின்றன.

முதலாவது ஔகாரத் திரிபு. பாமினியில் ஔகாரக் குறியின் வலப்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே இடம் பயன்பட்டது. எனவே கொம்பு, வகரம், ளகரம் என்னும் தொடரை, அடுத்து வருவதை நோக்காமல் 'வௌ' என மாற்றிய நிரல்களால் 'வெளிநாடு' என்பது 'வௌிநாடு' ஆயிற்று; 'வெள்ளை' என்பது 'வௌ்ளை' ஆயிற்று. இதன் மறுதலையாக, 'கௌரவம்' என்பது ளகரம் பெற்றுக் 'கெளரவம்' என நிலைத்தது.

இரண்டாவது ரகரத் திரிபு. 'அவர்கள்' என்பது துணைக்காலின்மேல் புள்ளியிட்டு 'அவா்கள்' எனப் பதிவாதல் இவ்வகை. பல எழுத்துருக்களில் இவ்விரண்டும் ஒரே தோற்றமுடையன.

மூன்றாவது மொழிக்கலப்புத் திரிபு. உரோமன் இடங்களையே பயன்படுத்திய கோப்பில், எழுத்துருக் குறிப்பு நீங்கிவிட்டால் ஆங்கிலச் சொல்லும் தமிழாகக் கருதப்பட்டுப் பொருளற்ற எழுத்துத் தொடராகிவிடும். தமிழுக்கு மேற்பாதி இடங்களை ஒதுக்கிய திஸ்கியிலும் டேப் முறையிலும் இவ்விடர் இல்லை.

ஏட்டுச்சுவடியோடு ஒப்பீடு

சுவடிகளில் ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. எகர ஏகாரக் குறிகள் வேறுபடுத்தப்படவில்லை. புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. ஒரு வடிவம் இரண்டு எழுத்துகளைக் குறித்த இடங்களில் பொருள், யாப்பு, பிற ஏடுகள் ஆகியவற்றைக் கொண்டு பதிப்பாசிரியர் முடிவு செய்தார். இன்று அம்முடிவை மாற்றுநிரல் செய்கிறது. ஆனால் அது தன் முடிவுக்குக் காரணம் கூறுவதில்லை. மேலும், ஏட்டிலுள்ள ஐயம் படிப்பவர் கண்முன் நிற்கும். 'அவா்கள்' என்பதிலுள்ள பிழையோ திரையில் தோன்றாது. தேடலில் மட்டுமே வெளிப்படும். 'அவர்கள்' எனத் தேடும் ஆய்வாளருக்கு அப்பக்கம் கிடைக்காமற்போகும். சொல்லடைவும் சொல்நிகழ்வுக் கணக்கும் இதனால் பிழைபடும்.

மீட்கத்தக்கவையும் மீட்கவியலாதவையும்

'கொ' என்பதன் இருவகைப் பதிவுகளை ஒருங்குறியின் இயல்பாக்க விதிகள் ஒன்றாகக் கொள்கின்றன. மேற்கண்ட திரிபுகளுக்கு அவ்விதிகள் உதவா. ஆயினும் உயிர்க்குறியை அடுத்துப் புள்ளியோ மற்றோர் உயிர்க்குறியோ தமிழில் வருவதில்லை. ஆதலின் 'அவா்கள்', 'வௌிநாடு' போன்றவற்றை விதிவழியே திருத்தலாம். 'கெளரவம்' முறையான எழுத்துத் தொடராகவே அமைவதால் அதனைத் திருத்தச் சொற்பட்டியல் தேவை. மொழிக்கலப்புத் திரிபை முழுமையாகச் சரிசெய்ய மூலக் கோப்பு வேண்டும்.

முடிவுரை

குறியேற்ற மாற்றம் ஒரு பதிப்புச் செயல் என்பது இதனால் பெறப்படுகிறது. எனவே மாற்றப்பட்ட கோப்போடு மூலக் கோப்பும் அதற்குரிய எழுத்துருவும் பேணப்பட வேண்டும். மூலக் குறியேற்றம், பயன்படுத்திய மாற்றுநிரல், மாற்றிய நாள், செய்த திருத்தங்கள் ஆகியவற்றைக் கோப்போடு பதிவு செய்தல் வேண்டும். மின்பனுவலை மேற்கோளாகக் கொள்ளும் ஆய்வாளர், அச்சு நூலின் பதிப்பைச் சுட்டுவதுபோல அதன் மாற்றுவடிவத்தையும் சுட்டுதல் தகும். சுவடியைப் பதிப்பித்தபின் எறிந்துவிடாத மரபு, பழைய கோப்புகளுக்கும் உரியதே.