மறியலுக்கு அடுத்து மனம் திறந்த பேச்சு

பேராக் ரப்பர் தோட்டங்களில் லயத்துக்கு அருகிலேயே கள்ளுக்கடை இருந்த காலம் உண்டு. கூலியில் ஒரு பங்கு அங்கேயே கரைந்தது. மலாயாத் தமிழர்கள் வாளாவிருக்கவில்லை. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒரு கோரிக்கை. 1947-இல் கெடா பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை மறியலில் இறங்கியது. போலீசாருடன் மோதல் மூண்டது.

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தன. குடியும் சம்சுவாகக் கூடவே வந்தது. கடையை மூடினால் போதுமா? குடிப்பவர் மனம் மாற வேண்டுமே!

அதற்கு 1983-இல் உளவியலாளர் வில்லியம் மில்லர் ஒரு வழி சொன்னார்: திட்டாமல் கேளுங்கள், குடியைக் குறைக்கும் காரணத்தை அவர் வாயாலேயே வரவழையுங்கள். 1996-இல் வெளியான உலகச் சுகாதார நிறுவன ஆய்வில், ஐந்து நிமிடம் போன்ற சுருக்கமான ஆலோசனை பெற்ற ஆண்கள், பெறாதவர்களைவிடச் சுமார் 17 விழுக்காடு குறைவாகக் குடித்தனர். முற்றிய அடிமைத்தனத்துக்கோ மருத்துவச் சிகிச்சையும் தேவை.

ஏச்சு கேட்டுப் பழகிய காதுக்கு, "குடியால் உங்களுக்கு என்ன கஷ்டம்ப்பா?" என்ற கேள்வி புதிது. அங்கேதான் மாற்றம் தொடங்குகிறது.